தாயார் பெயர் எழுதும் இடம்

"தாயார் பேரு என்னம்மா?" என்று குமாஸ்தா அமிர்தசாமி இரண்டாவது முறையாகக் கேட்டார்.

"சாரா பீவிங்க" என்றாள் நஜீமா. முதல் தடவை சொன்னதைவிடச் சற்று உரக்கச் சொன்னாள். அவருக்குக் காது கொஞ்சம் மந்தமோ என்று நினைத்துக்கொண்டாள்.

அமிர்தசாமிக்குக் காது நன்றாகவே கேட்டது. புதுச்சேரிக்காரர், பட்டணத்தில் பிரெஞ்சுக் கான்சல் அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்ப்பவர். அவர் முன்னால் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று ஐந்து மாதத்துக்கு முன் நஜீமா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனு. மற்றது சைகோனிலிருந்து போன வாரம் வந்து சேர்ந்த பிறப்புப் பதிவின் நகல். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நஜீமாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய சிற்றப்பா ஹனீஃபாவைப் பார்த்தார். ஹனீஃபா தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல வேற பேர் இருக்கும்மா" என்றார் அமிர்தசாமி.

அது 1938. நஜீமாவுக்குப் பத்தொன்பது வயது. நிக்காஹ் ஆகி மூன்று வருஷம். புருஷன் ஜமால் சைகோனில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப்பிள்ளை. அவன் கப்பலேறி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அங்கே போய் அவனோடு குடித்தனம் செய்ய அவளுக்குக் குடியிருப்பு அனுமதி வேண்டும். அது லேசில் கிடைக்காது என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். ஆனால் நஜீமா பிறந்ததே சைகோனில்தான். "அங்க பொறந்தவன்னு காட்டிட்டா சீக்கிரம் குடுத்துருவாங்க" என்று ஜமால் எழுதியிருந்தான்.

அவளுடைய அத்தா குத்புதீன் அந்தக் காலத்தில் சைகோனில் சொந்தமாகக் கடை வைத்திருந்தார். அம்மா சாரா பீவி அங்கே போய் மூன்று வருஷம் இருந்ததும், நஜீமாவைப் பெற்றதும், அவளுக்கு இரண்டரை வயதாகும்போது திருச்சிக்குத் திரும்பியதும் அவள் சின்ன வயது முதல் கேட்ட கதைகள். வரும்போது கப்பலில் பதினோரு நாள் வாந்தி எடுத்ததை சாரா பீவி அவ்வளவு நன்றாகச் சொல்வாள். கேட்பவர்களுக்கே வயிற்றைப் புரட்டும். அத்தா மௌத்தாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

"என்ன பேருங்க இருக்கு?" என்று கேட்டாள் நஜீமா.

அமிர்தசாமி எழுத்துக்கூட்டிப் படித்தார். "நுயென் தி லான். அந்த ஊர்ப் பொண்ணு. தகப்பன் பேரு குத்புதீன், சரியா இருக்கு. தேதி சரியா இருக்கு. உங்க பேரு நஜீமான்னுதான் இருக்கு."

"வேற யாரோட காயிதமோ மாறி வந்திருக்குங்க."

"அப்படித்தான் நானும் நெனச்சேன். ஆனா ரெண்டு காயிதமும் ஒத்துப் போகலைன்னதும் சைகோன்ல போலீஸை விட்டு விசாரிச்சிருக்காங்க. அந்த அம்மாவே வாக்குமூலம் குடுத்திருக்காங்க." அவர் மூன்றாவதாக ஒரு காகிதத்தை எடுத்தார். "அவங்க உசுரோட இருக்காங்கம்மா."

நஜீமா திரும்பி ஹனீஃபாவைப் பார்த்தாள். "சின்னத்தா, இவர் என்ன சொல்றாரு?"

ஹனீஃபா மடியிலிருந்த தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காகிதம் மாறி வந்திருந்தால் சின்னத்தா இந்நேரம் சத்தம் போட்டிருப்பார். ரயிலில் யாரோ இடத்தைப் பிடித்துக்கொண்டாலே நாலு பெட்டிக்குக் கேட்கிற மாதிரி கத்துகிற மனுஷர் அவர்.

அமிர்தசாமி மனுவைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். தாயார் பெயர் எழுதும் இடத்தில் விரலை வைத்தார். "இதை அடிச்சிட்டு அந்தப் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டீங்கன்னா அனுமதி வந்துரும். தாயார் அங்கயே இருக்காங்க, அதனால தடையே இருக்காது. இல்லைன்னா மனுவைத் தள்ளிருவாங்க."

நஜீமா பேனாவைத் தொடவில்லை. துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். அமிர்தசாமி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த வாக்குமூலத்தை ஒரு பிரதி எழுதிக் கொடுத்தனுப்பினார். அப்படிக் கொடுக்க வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை.

வெளியே வந்ததும் ஹனீஃபா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள் நஜீமா.

"தெரியும்மா."

"அவங்க உசுரோட இருக்கிறதும் தெரியுமா?"

ஹனீஃபா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன்னைய இங்க கொண்டாந்து விட்டுட்டு அடுத்த வருஷம் அண்ணன் திரும்பப் போனப்ப நானும் கூடப் போனேன். அந்தப் பொம்பளை கடைக்கு வந்துச்சு. புள்ள எங்கேன்னு கேட்டுச்சு. கப்பல்ல காய்ச்சல் கண்டு மௌத்தாயிருச்சு, கடல்ல விட்டுட்டாங்கன்னு அண்ணன் சொன்னாரு. நான் பக்கத்துல நின்னு துணி அளந்துக்கிட்டிருந்தேன்."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"ஒண்ணும் சொல்லல."

ஊர் வந்து சேரும்வரை நஜீமா அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ரயிலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வந்தார்கள். விழுப்புரத்தில் அவர் வாங்கிக் கொடுத்த டீ அவள் கையிலேயே ஆறிப்போயிற்று. அவளுக்கு அத்தாவின் முகம் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. மலைக்கோட்டைக் கடைத்தெருவில் அவளைத் தோளில் தூக்கிப் போனவர். காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் தூங்காதவர். அந்த வாய்தான் "கடல்ல விட்டுட்டாங்க" என்று சொல்லியிருக்கிறது. எவ்வளவு யோசித்தும் அவளால் இரண்டையும் ஒட்டவைக்க முடியவில்லை.

சாரா பீவி முறத்தில் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் நுழைந்த வேகத்தைப் பார்த்து, "என்னம்மா, குடுக்க மாட்டேன்னுட்டாங்களா?" என்று கேட்டாள்.

"நுயென் தி லான் யாரும்மா?"

சாரா பீவியின் கை அரிசிமேல் அப்படியே நின்றது. அந்தப் பெயர் அவளுக்குத் தெரியாது. ஆனால் அது எந்த ஊர்ப் பெயர் என்று தெரிந்தது. முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"நான் உன்னைப் பெக்கலம்மா. சைகோனுக்கும் நான் போகல. மூணு வருஷம் முசிறியில எங்கம்மா வீட்ல இருந்தேன். அப்புறம் அதை சைகோன்ல இருந்ததா ஊர்ல சொல்லிக்கச் சொன்னாரு அத்தா. எனக்குப் புள்ள தங்கலை. அங்க ஒருத்திக்குப் பொறந்துச்சு, பெத்தவ மௌத்தாயிட்டா, நீ வளப்பியான்னு எழுதிக் கேட்டாரு. நான் திருச்சி ஸ்டேஷனுக்கு வந்து உன்னைய வாங்கிக்கிட்டேன். நீ ஒரு நாள் பூரா அழுத. என்ன பாஷையில அழுதேன்னே எனக்குப் புரியல." அவள் நஜீமாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "தாயில்லாத புள்ளைன்னு எடுத்துக்கிட்டேன். அது தப்பாம்மா?"

"அவங்க மௌத்தாகலம்மா."

"யாரு?"

"அவங்க. உசுரோட இருக்காங்க. போலீஸ்ல சொல்லியிருக்காங்க."

சாரா பீவி பிடித்திருந்த முந்தானை கையிலிருந்து நழுவியது. அவள் வாசலில் நின்ற ஹனீஃபாவைப் பார்த்தாள். "தம்பி, நெசமா?"

"நெசம்தான் மதினி" என்றார் அவர்.

நஜீமா வழியெல்லாம் இந்த வீட்டில் ஒரு சண்டை போடத் தயாராகத்தான் வந்தாள். கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் வரிசையாக மனசுக்குள் வைத்திருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்க வரவில்லை. பட்டணத்துப் படிக்கட்டில் தன் முகம் எப்படி இருந்திருக்குமோ அப்படி இருந்தது அது.

மறுநாள் முழுவதும் சாரா பீவி அடுப்பு மூட்டவில்லை. அதற்கு அடுத்த நாள் காலையில், "அந்தக் காயிதத்துல என்ன இருக்குன்னு எனக்கு முழுசாத் தெரியணும். சுருக்கிச் சொல்றதெல்லாம் வேணாம். யாரு வாயிலயும் எனக்கு நம்பிக்கை இல்ல" என்றாள்.

பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர் ஒருவர் ஸ்ரீரங்கத்தில் இருந்தார். புதுச்சேரியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற திருநாராயண ஐயங்கார். ஜமாலின் பழைய பிரெஞ்சுக் காகிதம் ஒன்றை அவரிடம்தான் முன்பு மொழிபெயர்த்து வாங்கினார்கள். தாயும் மகளும் ஜட்கா பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டிப் போனார்கள். ஹனீஃபாவைக் கூப்பிடவில்லை. உத்தர வீதியில் அவர் வீட்டு வாசல் அறையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஐயங்கார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் தனக்குள் ஒரு முறை படித்தார்.

"பெருமாளே" என்றார். பிறகு, "நான் வார்த்தைக்கு வார்த்தை சொல்றேன். நடுவுல நிறுத்தணும்னா கையைக் காட்டுங்கோ" என்றார்.

அவர் வாசித்தது இது:

"என் பெயர் நுயென் தி லான். வயது முப்பத்தொன்பது. துணி தைத்துப் பிழைக்கிறேன். இந்தியாக்காரர் குத்புதீனுடன் நான்கு வருஷம் வாழ்ந்தேன். எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்கு இரண்டு வயதும் நான்கு மாதமும் ஆனபோது, தன் தாயாரிடம் காட்டிவிட்டு மழைக்காலத்துக்குள் திரும்புவதாகச் சொல்லி எடுத்துப் போனார். அடுத்த வருஷம் தனியாக வந்தார். குழந்தை கப்பலில் இறந்துவிட்டது என்றார். உடம்பைக் கடலில் விட்டதால் எனக்குப் புதைத்த இடம்கூட இல்லை. பதினாறு வருஷமாக ஆண்டுக்கு ஒரு நாள் ஆற்றங்கரையில் சோறு வைத்து வருகிறேன். இன்று நீங்கள் வந்து நஜீமா என்பவள் என் மகளா என்று கேட்கிறீர்கள். நான் என்ன சொல்வது? அவள் இருக்கிறாள் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்."

ஐயங்கார் கண்ணாடியைக் கழற்றினார். சாரா பீவி கையைக் காட்டவே இல்லை. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"பதினாறு வருஷம் சோறு வச்சாங்களா?" என்றாள்.

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"இவ இங்க தின்னுக்கிட்டிருந்தா. என் கையால தின்னுக்கிட்டிருந்தா."

அழுதாள். அந்தத் தெருவில் போவோர் வருவோர் திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். கணவர் மௌத்தானபோதுகூட அவள் அப்படி அழுது நஜீமா பார்த்ததில்லை. உள்ளேயிருந்து ஐயங்காரின் மனைவி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றாள்.

திரும்பும்போது ஜட்காவில் சாரா பீவி சொன்னாள்: "பட்டணத்துக்கு நானும் வரேன். அந்தப் பேரை நீ எழுதுறதை நான் பாக்கணும்."

"நான் எழுத மாட்டேன். உங்க பேரை அடிக்கிறதுக்கு என் கை வராது."

"என் பேரு அங்க இருந்தா அது பொய்யிம்மா. அவங்க இருக்கிறது தெரியாமச் சொன்ன பொய்யி வேற. தெரிஞ்சப்புறம் சொன்னா அத்தா சொன்னதுக்கும் நாம சொல்றதுக்கும் என்ன வித்தியாசம்?"

பத்து நாள் கழித்து இருவரும் அமிர்தசாமியின் மேஜைக்கு முன் உட்கார்ந்தார்கள். நஜீமா பேனாவை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தாள். 'சாரா பீவி' என்ற பெயரின் மேல் ஒரு கோடு போட்டாள். அமிர்தசாமி ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, வாயில் நுழையாத அந்தப் பெயரைத் தமிழில் எழுதினாள். அவர் பக்கத்தில் பிரெஞ்சில் எழுதிக்கொண்டார். "நீங்க யாரும்மா?" என்று சாரா பீவியைக் கேட்டார், சாட்சிக் கையெழுத்துக்காக.

"வளத்தவ" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தாள்.

அனுமதி மூன்றாம் மாதம் வந்தது. ஒரு காரைக்கால் குடும்பத்தோடு நஜீமா நாகப்பட்டினத்தில் கப்பலேறி, சிங்கப்பூரில் வேறு கப்பல் மாறிச் சைகோன் போய்ச் சேர்ந்தாள். துறைமுகத்தில் ஜமால் நின்றான். அவனுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி, கறுப்புக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையும் அணிந்த ஒல்லியான ஒரு பெண் நின்றாள். அவள் ஓடி வரவில்லை, கட்டிக்கொள்ளவில்லை. நஜீமாவின் முன்னால் வந்து நின்று, ஒரு விரலால் அவள் முழங்கையைத் தொட்டாள். எடுத்தாள். மறுபடி தொட்டாள். பிறகு அங்கேயே தரையில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். நஜீமாவும் அவள் எதிரே உட்கார்ந்தாள். சுமைக்கூலிகள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வெகுநேரம் கழித்து அந்தப் பெண் ஏதோ கேட்டாள்.

ஜமால் மொழிபெயர்த்தான். "உன்னை யாரு வளத்தாங்கன்னு கேக்குறாங்க."

இதையெல்லாம் நஜீமா கடிதத்தில் எழுதியிருந்தாள். சாரா பீவி அதை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்குத்தான் போனாள். தமிழ்க் கடிதத்தைப் படிக்கத் தெருவிலேயே ஆள் இருந்தார்கள், என்றாலும் அவளுக்கு ஐயங்கார் வாயால்தான் கேட்க வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு, பதில் ஒன்று பிரெஞ்சில் எழுதித் தரச் சொன்னாள். மகளுக்கு இல்லை, தி லானுக்கு.

"சொல்லுங்கோ, எழுதறேன்."

"நீங்க இல்லைன்னு எங்கிட்ட சொன்னாங்க. அதனால எடுத்துக்கிட்டேன். நீங்க இருக்கிறது தெரிஞ்சிருந்தா..." சாரா பீவி நிறுத்தினாள். ஐயங்கார் காத்திருந்தார்.

"தெரிஞ்சிருந்தா திருப்பிக் குடுத்திருப்பேன்னு எழுதலாமா?" என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

"இல்லைங்க. வந்த ரெண்டு நாள்லயே அவ என் இடுப்பை விட்டு எறங்க மாட்டேன்னுட்டா. தெரிஞ்சிருந்தாலும் குடுத்திருப்பேனான்னு எனக்கே தெரியல. அதை எழுதுங்க."

ஐயங்கார் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "அப்படியே எழுதட்டுமா?"

"அப்படியே எழுதுங்க."