கஞ்சி என்று விழுந்த பேர்

கடற்கரை ஊரான இனயத்தில் ஏசுஅடிமை என்ற பெயரில் நான்கு பேர் இருந்தார்கள். கோயில் குடும்பப் பதிவேட்டில் அப்பா பேரை வைத்து ஒருவரை ஒருவரிடமிருந்து பிரித்துவிடலாம். கடற்கரையில் அது நடக்காது. ஆகவே ஒருவர் கொச்சி ஏசுஅடிமை, ஒருவர் கண்ணாடி ஏசுஅடிமை, இன்னொருவர் கொட்டாவி ஏசுஅடிமை. நான்காமவர் சுக்கான் ஏசுஅடிமை.

இருபத்தாறு வருஷம் விசைப்படகில் சுக்கான் பிடித்தவர். அவரைவிடத் துணிந்தவர்களும் மீன் கிடக்கும் இடம் அறிந்தவர்களும் அந்த ஊரிலேயே இருந்தார்கள். ஆனால் சுக்கானை ஒரு முறை திருப்பிவிட்டு, படகு அதற்குப் பதில் சொல்லும்வரை சும்மா இருக்கத் தெரிந்தவர் இவர்தான் என்று கூடப் போனவர்கள் சொல்வார்கள். சும்மா இருப்பதும் ஒரு திறமையா என்று கேட்கலாம். எல்லாருக்கும் அது வருவதில்லை என்பது மட்டும் உண்மை.

2010இல் படகுத் தளத்தில் வழுக்கி விழுந்து வலது தோள் இறங்கியது. கடலுக்குப் போவது நின்றது. மறு வருஷம் மனைவி கிளாரா குவைத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாள். அதுவரை வீட்டில் கிறிஸ்துமஸ் வைன் போடுவது அவள்தான். கறுப்புத் திராட்சை, சீனி, கிராம்பு, பட்டை, ஈஸ்ட், பிறகு உடைத்த கோதம்பு. கோதுமைக்கு அங்கே கோதம்பு என்றுதான் பெயர். அது சேர்ந்தால்தான் வைனுக்கு வீரியம் என்பது அங்குள்ள எல்லா வீட்டு நம்பிக்கையும். எல்லாவற்றையும் பரணி என்கிற பீங்கான் ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, தினமும் மரக்கரண்டியால் கிளறி, இருபத்தோராம் நாள் வடிக்க வேண்டும். கிளாரா போனில் சொல்லச் சொல்ல ஏசுஅடிமை செய்தார். சாமான்கள் எல்லாம் வடசேரியில் தாணுமாலயன் கடையில் ஒரே பாக்கெட்டாகக் கிடைத்தன.

அந்தக் கிறிஸ்துமஸ் மத்தியானம் கிளாராவின் தம்பி டிஜோ வந்தான். குளச்சலில் வலைக்கடை வைத்திருப்பவன். டம்ளரைச் சாய்த்தான், உள்ளே இருந்தது சாயாமல் யோசித்தது.

"அத்தான், இது குடிக்கதா, கோரித் தின்னுகதா?"

"ஏம்டே, என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு சுட்ட பப்படமும் கொஞ்சம் காணத்துவையலும் இருந்தா இறக்கிரலாம்."

அடுத்த வருஷம் டிஜோ சுவைத்துக்கூடப் பார்க்கவில்லை. பிலாவிலை என்கிற பலா இலையைக் கோட்டி ஈர்க்குக் குச்சியால் குத்தி, கஞ்சி குடிக்கிற கரண்டியாக்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வந்தான். அவன் ஏமாறவில்லை. அந்த வருஷ வைனும் கொழகொழவென்று கலங்கித்தான் இருந்தது.

முதல் வருஷம் அது வீட்டுக்குள் ஒரு சிரிப்பு. இரண்டாம் வருஷம் கடற்கரைக்குப் போனது. 2013 திருவிழாவில் சப்பரம் தூக்குகிறவர்கள் பட்டியலை எழுதிக் கோயில் முன்னால் ஒட்டினார்கள். அதில் 'கஞ்சி ஏசுஅடிமை' என்று இருந்தது. ஏசுஅடிமை இரண்டு முறை வாசித்தார். எழுதியவன் கேலிக்கு எழுதியிருந்தால் அவர் கோபப்பட்டிருக்கலாம். அவன் நல்ல எண்ணத்தில், ஆள் மாறிப்போகக் கூடாதே என்றுதான் எழுதியிருந்தான். அதுதான் அவரைச் சுட்டது. இருபத்தாறு வருஷம் கடலில் நின்று வாங்கிய பேர், இரண்டு டம்ளர் வைனில் கரைந்துபோயிருந்தது. மூன்றாம் வருஷமும் இதே கதையானால் அது பேரப்பிள்ளைகள் காலம்வரை வீட்டுப்பேராக நிற்கும். ஊரில் அப்படி நின்ற பேர்கள் அவருக்குத் தெரியும்.

கிளாரா போனில் பேசினாள். "இஞ்சேருங்க, நான் டிசம்பர் இருபத்திரண்டுக்கு வாறேன். இந்த வருசம் வைன் ஒண்ணும் வேண்டாம். நான் வந்து ஜூஸ் கலக்கிக்கிடுறேன்."

"நீ மிண்டாம இரி."

"கோவப்படாதீங்க. இஞ்ச எனக்க கூட வேல செய்யுத குளோரி கேக்கா, ஒனக்க வீட்டுக்காரருக்கு என்னமோ பேராமேன்னு."

பேர் கடலையும் தாண்டிவிட்டது.

அன்று அவர் போன வருஷத்துப் பாக்கெட்டில் மிச்சம் வைத்திருந்த கோதம்பை எடுத்துப் பேப்பரில் கொட்டினார். விரலால் மூன்று குவியலாகப் பிரித்தார். முதல் குவியல் உடையாத முழு மணி. மில்லுக்குப் போய் வந்த அடையாளமே அதில் இல்லை. இரண்டாவது மாவு. மூன்றாவது, இரண்டாகவும் மூன்றாகவும் உடைந்தது. அது ஒரு பிடிகூட இல்லை. முழு மணி பரணிக்குள் ஒன்றும் கொடுக்காமல் கிடக்கும். மாவு அடியில் படியாமல் கலங்கிக் கஞ்சியாகும். தப்பு கிளறுவதிலும் இல்லை, பரணியிலும் இல்லை. இரண்டு வருஷமாகத் தன் கையை மட்டும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவருக்கு அது ஒரு பெரிய விடுதலை. பேப்பரை அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு வடசேரிக்கு பஸ் ஏறினார்.

தாணுமாலயன் நெற்றியில் நாமத்தோடு கல்லாவில் இருந்தார். ஏசுஅடிமை பேப்பரை அவர் முன்னால் விரித்தார்.

"அண்ணாச்சி, இது நீரு தந்த கோதம்பு."

"போன வருசத்துச் சரக்குக்கு இந்த வருசமா வாறீரு?"

"இந்த வருசத்துச் சரக்குக்குத்தான் வந்தேன். போன வருசத்தக் காட்டணும்லா? இது முழுசு. இது மாவு, வேணும்னா புட்டு அவிக்கலாம். நடுவுல பாவம்போல கிடக்கு பாரும், அதாக்கும் உடைச்ச கோதம்பு."

"எல்லாம் கோதம்புதான ஓய்? வாங்கிட்டுப் போன வேற ஆரும் ஒண்ணும் சொல்லலியே."

"நீரு அந்த வைன ஒரு வாய் குடிச்சுப் பாத்ததுண்டா?"

தாணுமாலயன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் அய்யாவழிக்காரன், எங்க வழியில குடி பாடில்ல. அந்தச் சாதனம் எனக்க நாக்குல பட்டதில்ல."

"அப்ப நல்ல கோதம்பு எது, கெட்டது எதுன்னு ஒமக்கு எப்பிடித் தெரியும்?"

தாணுமாலயன் சற்று யோசித்தார். "தெரியாது" என்றார்.

அந்தப் பதிலுக்காக அவரைக் கொஞ்சம் மதிக்கலாம். தான் ஒருபோதும் சுவைக்கப் போகாத பண்டத்தை விற்கிறவருக்கு, வாங்கியவர்கள் திரும்பி வந்து சொல்வதைத் தவிர வேறு நாக்கு இல்லை. யாரும் வந்து குறை சொல்லாததை அவர் நல்ல பேர் என்று நினைத்திருந்தார். நம்மில் பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

"இப்ப ஊர்ல எனக்க பேரு என்ன தெரியுமா?" என்றார் ஏசுஅடிமை. "கஞ்சி! கஞ்சி ஏசுஅடிமை. கோயில் நோட்டீசுல வரைக்கும் வந்தாச்சு."

தாணுமாலயன் வாய்விட்டுச் சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றது. "எனக்க கடைச் சாமானாலயா?"

"வேற எதால?"

"அட கெடுவே." எழுந்து செருப்பைத் தேடினார். பக்கத்துக் கடைக்காரரிடம் கல்லாவைப் பார்க்கச் சொன்னார். ஐந்து கிலோ கோதம்பைப் பையில் கட்டி ஏசுஅடிமையின் நல்ல தோளில் வைத்தார். "வாரும், ஞானசிங்கக் கேப்போம். உடைக்கது அவனாக்கும்."

ஞானசிங்கின் மாவு மில் அடுத்த தெருவில். புருவமெல்லாம் வெள்ளையாக, அச்சப்பத்துக்கும் முறுக்குக்கும் அரிசி திரிக்க வந்த கூட்டத்தின் நடுவே நின்றிருந்தார்.

"பதினஞ்சு வருசமா எனக்குக் கோதம்பு உடைச்சுத் தாறியே, இப்பிடியா உடைக்கது?" என்றார் தாணுமாலயன்.

"உடைக்கணும்னுதான் சொன்னீரு. எப்பிடின்னு சொல்லலியே."

"இப்பச் சொல்லுகேன்லா!"

"இப்ப நேரமில்லலா! மாவுக்கு நெருக்கி வச்சிருக்க கல்ல அஞ்சு கிலோவுக்காகத் தெறந்தா, பிறகு இந்தப் பெண்டுகளுக்கு ஆரு பதில் சொல்லுகது? மத்தியானம் நான் சோறு திங்கம்ப வாருங்க. நீங்களே திருப்பிப் பாருங்க."

மத்தியானம் கூட்டம் குறைந்தது. ஞானசிங் ஸ்டூலில் உட்கார்ந்து சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார். இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு கைச்சக்கரம் இருந்தது. அதைத் திருப்பினால் உள்ளே இருக்கும் இரண்டு கற்களும் விலகும் அல்லது நெருங்கும். தாணுமாலயன் அதைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். முழுமுழுக் கோதம்பாகக் கொட்டியது.

"மூடும், மூடும்!" என்று ஞானசிங் மீன்துண்டோடு கத்தினார்.

தாணுமாலயன் மூடினார். மாவாகப் பறந்தது.

"தெறயும் ஓய்!"

திறந்தார். மறுபடி முழுசு. மூடினார், மறுபடி மாவு. கால் மணி நேரத்தில் ஒரு கிலோ போய்விட்டது. சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த தாணுமாலயன் அதற்குள் நாமம் தெரியாமல் வெள்ளையாகியிருந்தார்.

"அண்ணாச்சி, கைய எடும்" என்றார் ஏசுஅடிமை.

இடது கையைச் சக்கரத்தில் வைத்தார். ஒரு விரல் அகலம் திருப்பினார். பிறகு ஒன்றும் செய்யவில்லை.

"என்ன ஓய், ஒறங்கியாச்சா? மாவா விழுகு பாரும்!" என்றார் ஞானசிங்.

"இப்ப விழுகது முன்ன திருப்பினதுக்கு உள்ளது. உள்ள கிடக்க பழசு முழுக்க வெளிய வரட்டும். பிறகுலா நான் திருப்பினது தெரியும்?"

ஞானசிங்கின் கையில் சோற்று உருண்டை அப்படியே நின்றது. முப்பது வருஷம் மில் ஓட்டுகிறவர். இதைத் தெரியாதவர் என்று சொல்ல முடியாது. நினைத்துப் பார்க்க நேரமில்லாதவர், அவ்வளவுதான்.

மாவு குறைந்தது. ஏசுஅடிமை இன்னொரு விரல் திருப்பினார், காத்திருந்தார். இன்னும் அரை விரல். இயந்திரத்தின் உறுமல் மாறிப் படபடவென்று பொரிகிற சத்தம் வந்தது. மணிகள் உடைந்து விழுந்தன. ஆனாலும் மாவு கொஞ்சம் கூடவே இருந்தது.

இப்போது தாணுமாலயன் பேசினார். "எனக்க வீட்டுல தாணம்மா ரவைக்கு உடைக்க விடம்ப கோதம்புல வெள்ளம் தெளிச்சு துணியில கெட்டி வைப்பா. தொலி இளகினா பொடியாதாம்."

"இத ஏன் முன்னமே சொல்லல்ல?"

"ரவைன்னா ரவை, வைனுன்னா வைனுன்னுலா நான் நெனச்சேன்!"

மிச்சக் கோதம்பில் ஒரு கை தண்ணீர் தெளித்து, தாணுமாலயனின் தோள் துண்டில் கட்டி வைத்துவிட்டு மூவரும் சாயா குடித்தார்கள். அரை மணி கழித்து அதே சக்கரக் கணக்கில் போட்டார்கள். ஏசுஅடிமை ஒரு பிடி எடுத்துப் பேப்பரில் பரப்பி, மறுபடி மூன்று குவியல் பிரிக்கப் பார்த்தார். முழு மணி ஏழெட்டு. மாவு, விரல் நுனியில் ஒட்டுகிற அளவு. மற்றதெல்லாம் நடுக் குவியல். ஒவ்வொரு மணியும் இரண்டாக, மூன்றாகப் பிளந்து, தோல் மட்டும் கிழியாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

ஞானசிங் உள்ளே போய் ஒரு சிவப்புப் பெயிண்ட் டப்பாவை எடுத்து வந்து, சக்கரம் நின்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். அன்றைக்கே தாணுமாலயன் கடைக்கான இரண்டு மூட்டையும் நனைத்து, அதே புள்ளியில் உடைத்து, மறுநாள் வெயிலில் காயப்போட்டு எடுத்தார்கள்.

டிசம்பர் பதின்மூன்றாம் தேதி ஏசுஅடிமை பரணியைத் திறந்து வடித்தார். முந்தின வருஷங்களில் துணியை முறுக்கிப் பிழிந்துதான் சொட்டு வாங்க முடிந்தது. இந்த முறை துணியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை, தானாக வடிந்தது. பாட்டில்களில் ஊற்றி, அசையாமல் வைத்தார். இருபத்திரண்டாம் தேதி வந்த கிளாரா நான்கு முறை அந்த மூலைக்குப் போய்ப் பார்த்தாள். நான்கு முறையும் அவர், "தொடாத" என்றார்.

கிறிஸ்துமஸ் மத்தியானம் டிஜோ வந்தான். சட்டைப் பையில் இரண்டு பிலாவிலை.

"ஒண்ணு அக்காவுக்கு" என்றான்.

ஏசுஅடிமை கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். டிஜோ அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். சிவப்புக்குள் வெளியே நின்ற தென்னையும், அதில் கட்டியிருந்த ஸ்டாரும் தெளிவாகத் தெரிந்தன. ஒரு வாய் குடித்தான். பேசவில்லை. இன்னொரு வாய். அவன் பேசாமல் இருப்பதை அந்த வீடு முதல்முறையாகப் பார்த்தது.

"அத்தான், இதுல கோதம்பு போட்டியளா?"

"போட்டேன்."

"எங்க காணல்ல?"

"அது அதுக்க வேலயச் செஞ்சிட்டுப் போயாச்சு. நீ ஒனக்க வேலயப் பாரு."

அவன் டம்ளரை மறுபடி நீட்டினான்.

"ஏலே டிஜோ" என்றாள் கிளாரா, "கொண்டு வந்த இலைய என்ன செய்யப் போற? எனக்க பங்கையும் நீயே வச்சுக்க. அடுப்புல பாயசம் இருக்கு, போய்க் கோரிக் குடி."

டிஜோவின் நாக்கு கெட்டதை மட்டும்தான் சுமக்கும் என்று ஏசுஅடிமை நினைத்திருந்தார். அது தவறு. அதற்குச் சுமை ஏதாவது கிடைத்தால் போதும். புதுவருஷத்துக்குள் கடற்கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த திருவிழாவில் சப்பரப் பட்டியலில் 'சுக்கான் ஏசுஅடிமை' என்று இருந்தது. அவர் அதை ஒரே ஒரு முறைதான் வாசித்தார். அல்லது அப்படித்தான் கிளாராவிடம் போனில் சொன்னார்.

2014 நவம்பரில் சாமான் வாங்க வடசேரிக்குப் போனார். தாணுமாலயன் கடை வாசலில் ஒரு புதுப் பலகை, பெரிய எழுத்தில்: 'இனயம் கஞ்சி ஏசுஅடிமை பக்குவத்தில் உடைத்த கோதம்பு இங்கு கிடைக்கும்.'

ஏசுஅடிமைக்குக் காது சூடானது. "ஓய், இது என்னது?"

"ஒமக்க பேராக்கும். நல்லா இருக்கா?"

"எனக்க பேரு சுக்கான்!"

"அத நீரு எனக்குச் சொல்லலியே. அண்ணைக்கு வந்து கஞ்சி, கஞ்சின்னுதான சொன்னீரு?"

"அழியும் அத!"

அதற்குள் குளச்சலில் இருந்து வந்த ஒரு பெண் அவரைத் தாண்டிக் கையை நீட்டினாள். "அண்ணாச்சி, கஞ்சிக் கோதம்பு ரெண்டு கிலோ." பிறகு பக்கத்தில் நிற்கிறவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அவருக்கும் ஒரு நல்லது சொல்லலாம் என்று நினைத்தாள். "நீங்களும் இதே வாங்குங்க. போன வருசம் எங்க வீட்டு வைன் கண்ணாடிபோல இருந்து. அந்தக் கஞ்சிக்காரர் ஆருன்னு தெரியல்ல, கையெடுத்துக் கும்பிடணும்."

தாணுமாலயன் மூட்டையை அவிழ்த்தார். ஏசுஅடிமையின் கை அவரைக் கேட்காமலேயே உள்ளே போய் ஒரு பிடி எடுத்தது. உள்ளங்கையில் பரப்பினார். விரலால் கிளறினார். ஊதினார். வெள்ளையாகப் பறந்தது.

"நில்லும். இத எடை போடாதயும்."

"ஏன் ஓய்?"

"மாவு கூடுதலா இருக்கு. ஞானசிங் புள்ளியத் தாண்டிட்டான்."

"கடைய ஆரு பாக்கது?"

"போன வருசம் பாத்தவரு பாப்பாரு. செருப்ப மாட்டும்."

பலகையை அழிக்கச் சொல்ல நின்றவர், அதன் அடியில் குனிந்து வெளியேறி, அடுத்த தெருவுக்கு வேகமாக நடந்தார். பையோடு தாணுமாலயன் பின்னால் ஓடினார். அந்தப் பெண்ணும், நல்ல கோதம்பு கிடைக்கும்வரை போவதாக இல்லை என்பதுபோல, கூடவே போனாள். மில்லில் சக்கரம் சிவப்புப் புள்ளியிலிருந்து இரண்டு விரல் தள்ளி நின்றது.

"ஒரு விரல்தான் மாறியிருக்கு" என்றார் ஞானசிங்.

"கைய எடும்" என்றார் ஏசுஅடிமை.