பெரில் பில்பீம் நின்ற வரிசை

பெக்ஸ்ஹில் என்ற ஊரின் கடற்கரையில் இரண்டாம் மாடி ஃப்ளாட் ஒன்றைப் பெரில் பில்பீம் விலை கொடுத்து வாங்கியிருந்தாள். விலை கொடுத்தது என்னவோ உண்மை. வாங்கியது தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகை. சுவர் அவளுடையதில்லை, கூரை அவளுடையதில்லை, அடியில் கிடக்கும் மண் மிஸ்டர் ஹார்கோர்ட்டுடையது. அந்த மண்ணுக்கு மேலே அந்தரத்தில் குடியிருப்பதற்காக அவருக்கு வருடா வருடம் நிலவாடகை வேறு. இங்கிலாந்தில் இதற்குச் சொந்த வீடு என்று பெயர்.

பெரில் ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடச் சமையலறையில் பரிமாறியவள். ஒருமுறை தலைமை ஆசிரியரே புட்டிங் வரிசையின் நடுவில் நுழைந்தபோது, அகப்பையாலேயே வால் பக்கம் காட்டினாள். அவரும் போய் நின்றார். தன் காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்பாள். ஆனால் வரிசை மட்டும் கலையக் கூடாது.

வழக்கறிஞர் மிஸ் ஃபெல் தெளிவாகத்தான் சொன்னாள். "கிறிஸ்துமஸ் அன்னைக்கு உங்க குத்தகை எண்பது வருஷத்துக்குக் கீழ இறங்குது. அதுக்கு முன்னாடி குத்தகையை நீட்டச் சொல்லி நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் குடுத்தா, செலவுக்கு உங்க சேமிப்பு போதும். அப்புறம்னா கல்யாண மதிப்புன்னு ஒண்ணு சேரும். அதைக் கட்ட உங்களால முடியாது."

"யாருக்குக் கல்யாணம்?"

"உங்க ஃப்ளாட்டுக்கும் அவரு நிலத்துக்கும்."

கட்டிக்கொள்வது செங்கல்லும் மண்ணும். சீதனம் கொடுப்பது மட்டும் பெரில்.

அன்றே நோட்டீஸ் போயிருக்க வேண்டும். ஆனால் ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பினால் அந்த மனுஷர் என்ன நினைப்பார் என்று ஹார்கோர்ட்டுக்குப் போன் செய்தாள். அவர் தேனாகப் பேசினார்.

"தாராளமா பண்ணிடலாம் மிஸ் பில்பீம். ஆனா உங்களுக்கு முன்னாடி நாலு பேரு கேட்டிருக்காங்க. உங்க கீழ் வீட்டு டெரிக்கும் அதுல ஒருத்தரு. வரிசைப்படிதானே செய்யணும்? கிறிஸ்துமஸ் கழியட்டும், முதல் ஆளா உங்களைக் கூப்பிடறேன்."

வரிசை என்றதும் பெரில் நோட்டீஸை நிறுத்திவைத்தாள். நில்லாமல் போக முடியுமா?

"சட்டத்துல அப்படி ஒரு வரிசையே கிடையாது!" என்று மிஸ் ஃபெல் போனில் கத்தினாள்.

"சட்டத்துல இல்லாம இருக்கலாம்மா. மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

ஆறின கஞ்சி பழங்கஞ்சி. ஹார்கோர்ட்டுக்கு அது தெரியும். பெரிலோ பொறுமையாக வாழ்த்து அட்டைகள் எழுதிக்கொண்டிருந்தாள், அவருக்கும் ஒன்று.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், வெள்ளிக்கிழமை மதியம், மீனும் சிப்ஸும் வாங்கக் கடை வாசலில் நின்றாள். முன்னால் டெரிக்.

"இங்கயும் நீங்கதான் எனக்கு முன்னாடி. குத்தகை நீட்டிப்பு எந்த அளவுல இருக்கு?"

"எனக்கா? வாங்கறப்பவே அது நீட்டின குத்தகைதான் கண்ணு. நான் செத்து எலும்பு மக்கினாலும் மிச்சம் இருக்கும்."

"அப்ப நீங்க ஹார்கோர்ட் வரிசையில இல்லையா?"

"எந்த வரிசை? எனக்குத் தெரிஞ்சு இது மீன் வரிசை ஒண்ணுதான்."

பெரிலுக்குக் காது சிவந்தது. ஹார்கோர்ட் பணத்துக்காகப் பொய் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பாள். நிலம் வைத்திருப்பவர்களுக்கு அது சளி இருமல் மாதிரி. ஆனால் இல்லாத வரிசையில் ஒரு மனுஷியை நிறுத்திவைப்பதா? தேவாலயத்தில் உண்டியல் திருடியவனுக்குக்கூட நரகத்தில் இவரைவிட நல்ல இடம் கிடைக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"உன் இடத்தைப் பிடிச்சு வைக்கட்டுமா?" என்றார் டெரிக்.

"வேண்டாம். உங்களுக்குப் பின்னாடி நிக்கறவங்களுக்கு அது அநியாயம்."

மீன் வாங்காமலே நேராக மிஸ் ஃபெல்லின் அலுவலகத்துக்கு நடந்தாள். அங்கே மூன்று பேர் காத்திருந்தார்கள். பெரில் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, "மன்னிச்சுக்கோங்க" என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டு, மூவரையும் தாண்டிக் கதவைத் திறந்தாள். பிறந்தது முதல் அவள் மீறிய வரிசை அது ஒன்றுதான். அன்று மாலைக்குள் நோட்டீஸ் ஹார்கோர்ட்டின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

குத்தகை தொண்ணூறு வருடம் நீண்டது. கல்யாணமும் இல்லை, சீதனமும் இல்லை. சட்டப்படி நீட்டினால் நிலவாடகையும் ஒழிந்துவிடும்; ஆனாலும் வாடகை என்று ஏதாவது எழுதியாக வேண்டுமே என்று, 'கேட்டால் வருடத்துக்கு ஒரு மிளகு' என்று பத்திரத்தில் எழுதுவார்கள். ரசத்துக்குக்கூடக் காணாத வாடகை.

கோடையில் கூரையைப் பார்க்க வந்த ஹார்கோர்ட், படிக்கட்டில் பெரிலைக் கண்டதும் தோற்றதைச் சிரிப்பில் மூடப் பார்த்தார். "எங்கே மிஸ் பில்பீம், என் மிளகு?"

"தராம என்ன? ஆனா உங்களுக்கு முன்னாடி நாலு பேரு கேட்டிருக்காங்க" என்றாள் பெரில். "கிறிஸ்துமஸ் கழியட்டும்."