முட்டையக்காவின் நீலப் புள்ளிகள்

எங்கள் துறையில் அவருடைய உண்மைப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. இலையின் அடியில் பூச்சி இடும் முட்டைகளை உருப்பெருக்கியில் பார்த்து எண்ணுவது அவர் வேலை. இருபத்தாறு வருடம் அதையேதான் செய்தார். மாணவர்கள் முட்டையக்கா என்றார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார். நான் அந்தத் துறையின் எழுத்தர். படிவம் நிரப்புவது என் பிழைப்பு என்பதால் இந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

காய்ந்த இலையை அட்டையில் ஒட்டி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி வைப்பார் அக்கா. முட்டையா, வெறும் கறையா என்று சந்தேகம் வந்தால் அதன் பக்கத்தில், தாளின் மேல், நீலப் பேனாவால் ஊசிமுனை அளவு ஒரு புள்ளி. மறுநாள் தெளிந்த கண்ணோடு அந்த இடங்களை மட்டும் மறுபடி பார்ப்பார்.

அவர் எண்ணிக் கொடுத்து முப்பத்தொரு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. கடைசியில் 'ஆய்வகப் பணியாளர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு அடிக்கோடிட்டு வீட்டில் ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருந்தார். "இந்தப் பணியாளர்கள்ல நீ எத்தனாவது ஆளு?" என்று கணவர் கிண்டல் செய்வாராம். அதைச் சொல்லும்போது அக்கா சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. ஓய்வு பெறுவதற்குள் ஒரு கட்டுரையிலாவது தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்று என்னிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது பேராசிரியர் ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டுவந்தார். பழைய அட்டைகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்துக் கொடுத்ததும், அது பத்து வருடத்து முட்டைகளை ஒரே மதியத்தில் எண்ணி, கட்டுரையையும் பாதி எழுதிவிட்டது. மழை பொய்த்த வருடங்களில் முட்டை இரண்டு மடங்கு என்று முடிவு வந்தது. பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கட்டுரையாசிரியர் பட்டியலில் முதலில் அவர், இரண்டாவது கருவி.

"வேலை செஞ்சதுக்குப் பேர் போடறதுதானே நியாயம்," என்றார் என்னிடம். இத்தனை வருடம் அந்த நியாயம் எங்கே போயிருந்தது என்று கேட்க வாய் வரை வந்தது. பட்டியலைத் தட்டச்சு செய்து கொடுத்தேன்.

கட்டுரையை அனுப்பியிருந்த ஆய்விதழிலிருந்து பதில் வந்தது. கட்டுரையில் பெயர் உள்ள ஒவ்வொருவரும், தவறு இருந்தால் தானே பதில் சொல்வதாகக் கையெழுத்திட வேண்டும். கருவியால் அது முடியாது, அதன் பெயரை எடுத்துவிடுங்கள், ஆனால் எண்ணிக்கைக்கு ஒரு மனிதர் பொறுப்பேற்க வேண்டும் என்றார்கள்.

பேராசிரியர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, "அந்த இடத்துல உங்க பேரைப் போட்டுடலாம். கையெழுத்து மட்டும் போடுங்க," என்றார். படிவத்தை நீட்டியவன் நான்தான்.

அக்கா பேனாவைத் திறந்தார், மூடினார். "கேட்டா நான்தானே பதில் சொல்லணும்? ஒரு தடவை பாத்துட்டுப் போடறேன்."

நான்கு நாள் அட்டைகளையும் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஐந்தாம் நாள் என் மேசைக்கு வந்து ஒரு படத்தைக் காட்டினார். முட்டை என்று கருவி வட்டமிட்டிருந்ததில் பாதி, அவர் வைத்த பேனாப் புள்ளிகள்; கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலம் தெரியவில்லை. மழையில்லாத வருடத்து இலையில் கறை அதிகம். கறை கூடினால் அக்காவுக்குச் சந்தேகமும் கூடும், புள்ளியும் கூடும். அவருடைய சந்தேகங்களைத்தான் கருவி மும்முரமாக எண்ணியிருந்தது.

"பேசாம போட்டுடுங்க அக்கா. யார் பாக்கப்போறாங்க?" என்றேன். சொன்னதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"நான் பாத்துட்டேனே," என்றார்.

பேராசிரியரிடம் அவரே போய்ச் சொன்னார். மனுஷர் கத்தவில்லை, அந்த அளவுக்கு நல்லவர்தான். கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அக்கா எல்லா அட்டைகளையும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். பாதியில் ஓய்வு பெறும் நாள் வந்துவிட்டது. சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்து வழியனுப்பினோம். மறுநாள் காலை ஒன்பதரைக்கு அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தார். அப்படி ஐந்து மாதம் வந்தார்.

கட்டுரை அச்சாகி வந்தபோது இரண்டு மடங்கு என்பது ஒன்றேகால் மடங்காகச் சுருங்கியிருந்தது. இரண்டாவது பெயர் அக்காவுடையது. கருவியைப் பற்றி உள்ளே ஒரு பத்தி, உருப்பெருக்கியைப் பற்றிய பத்திக்கு அடுத்து. கணவர் சட்டம் போட்டு மாட்டலாம் என்றாராம். அக்கா வேண்டாமென்று கோப்பிலேயே வைத்துவிட்டார்.

ஆறு மாதம் கழித்து, முன்பின் தெரியாத ஓர் ஆராய்ச்சி மாணவி அக்கா பெயருக்குத் துறை முகவரியில் எழுதியிருந்தாள். நான்காவது அட்டவணையில் ஓர் எண் பொருந்தவில்லையே, விளக்க முடியுமா என்று கேட்டிருந்தாள். தொலைபேசியில் படித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் எண்ணிக்கை எழுதிவைத்த நோட்டைப் புரட்டும் சத்தம் நெடுநேரம் கேட்டது. பிறகு அக்கா கணவரைக் கூப்பிட்டார்.

"இங்க வாங்களேன். எனக்குக் கடிதாசி வந்திருக்கு. தப்பு பண்ணது நான்தான்."

அவர் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதில்லை.