கத்தி விழுந்த சத்தம்

அந்த வருடம் மெட்ராஸில் வாய் உள்ள எல்லோரும் வக்கீல்கள்தான். தி.நகரில் ஒரு நகைக்கடைக்குள் மத்தியான வேளையில் கத்தியோடு நுழைந்த இளைஞனை, முதலாளி தன் லைசென்ஸ் துப்பாக்கியால் சுட்டுவிட்டார். அவன் அங்கேயே இறந்துபோனான். போலீஸ் வந்தபோது கத்தி அவன் காலருகே கிடந்தது. குண்டு படும்போது அது அவன் கையில் இருந்ததா, அதற்கு முன்பே கீழே போட்டுவிட்டானா என்பதுதான் கேள்வி. கையில் இருந்திருந்தால் தற்காப்பு, விடுதலை. போட்டிருந்தால் ஜெயில். கடை ஆட்கள் சாப்பிடப் போயிருந்ததால் பார்த்த சாட்சி யாரும் இல்லை.

என்னைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் ரிக்‌ஷாக்காரர் மிதித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்வார். "கத்திய எத்துக்கினு வந்தவன இன்னா பண்றது டீச்சர், காபி குடுத்து உக்கார வெப்பாங்களா?"

எங்கள் மாடியில் குடியிருந்த ரிடையர்டு வக்கீல் மாமா விடமாட்டார். "ஆபத்து இருக்கற வரைக்கும்தாம்மா சட்டம் நம்மகூட நிக்கும். அது தாண்டிடுத்துன்னா கொலைதான்."

நான் சாந்தோமில் ஆசிரியை. மேடை கிடைத்தால் விடுகிறவள் இல்லை. என் நாக்கைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. மயிலாப்பூர் சங்கம் ஒன்று 'கத்தியோடு வந்தவனைச் சுட்டது தற்காப்பா, கொலையா?' என்று பட்டிமன்றம் வைத்து, தற்காப்பு அணியில் என்னைப் போட்டது. வழக்கு நடப்பதால் யார் பெயரும் வரக் கூடாது என்று கண்டிப்பு வேறு. அவ்வளவு ஜாக்கிரதையானவர்கள், ஜாமீனில் இருந்த அந்த முதலாளியையே வரவழைத்து, பொன்னாடை போர்த்துவதற்காக முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் அவர் மனைவி.

அன்று வெளுத்து வாங்கினேன். ஓங்கிய கை, கழுத்துக்கு நேராக வந்த கத்தி என்று, கடைக்குள் நின்று பார்த்தவள் மாதிரி அடுக்கினேன். ஒரு நொடி தாமதித்திருந்தால் இந்த அம்மாவின் தாலிக்கு யார் பதில் சொல்வது என்று முன்வரிசையைக் காட்டிக் கேட்டேன். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. நடுவர் தீர்ப்புச் சொல்வதற்கு முன் முதலாளிக்குப் பொன்னாடை போர்த்தி, ஏற்புரையாக இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

அவர் தெற்கத்திக்காரர், மேடை பழகாதவர். "டீச்சரம்மா நல்லாப் பேசுனாவ" என்று ஆரம்பித்தார். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

"ஆனா கத்தி மொதல்லயே விழுந்துட்டு. துப்பாக்கியப் பாத்ததும் போட்டுட்டான். தரையில விழுந்த சத்தம் கேட்டுச்சு. அதுக்குப் பொறவுதான் சுட்டேன். கோவம்."

மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனத்தின்போது திரைக்குப் பின்னால் இருக்கும் சாமியாரிடம் என் சில்லறைப் பாவங்களைச் சொல்வதற்கே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்த மனிதர், விடுதலை ஏறக்குறையக் கைக்கு வந்துவிட்ட நேரத்தில், ஹால் நிறைய ஆட்கள் முன்னால் மைக்கில் சொல்கிறார். அவ்வளவு பெரிய காரியத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பொன்னாடையை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கினார். அவர் மனைவி, காலி நாற்காலியில் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு இடம் விட்டார். நடுவர் எழுதி வைத்திருந்த தீர்ப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

பிறகு கோர்ட்டிலும் அதையே சொல்லி அவர் ஜெயிலுக்குப் போனார். அன்று கூட்டம் கலைந்ததும் வாசலில் அவரைப் பிடித்து, இத்தனை நாள் வாய் திறக்காதவர் இன்றைக்கு ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க பேசப் பேச, அப்படித்தான் நடந்துச்சோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிட்டும்மா. இன்னும் கொஞ்சம் விட்டா, அந்தச் சத்தமே மறந்துபோயிருக்கும்."

குறை சொல்கிற குரலே இல்லை. கும்பிட்டுவிட்டுத்தான் போனார்.