கண்ணுக்குத் தெரிந்த விரிசல் ஏதும் இல்லை

மாதத்துக்கு ஒரு நாள் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு கம்பி கம்பெனிக்குப் போய், அங்கே ஆசிட் டேங்கில் விழுந்திருக்கும் விரிசல்களை எண்ணிவிட்டு வருவது என் வேலை. “விரிசலை எண்ண ஒரு ஆளு, அதுக்கு ஒரு சம்பளம்” என்று என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார். எண்ணுவதற்கு மட்டும் இல்லை. இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று முன்கூட்டியே சொல்வதற்குத்தான் சம்பளம்.

கண்ணாடி இழைப் பாயை அடுக்கடுக்காக வைத்து, பிசின் ஊற்றி இறுக வைத்த ஃபைபர் டேங்க் அது. துருப்பிடித்த கம்பியைக் கழுவுகிற ஆசிட் அதில் நிற்கும். ஆசிட் லாரி வருவதற்கு முன், டேங்க் காலியாக இருக்கும் காலையில் போவேன். மேல் மூடி வழியாக ஒரு விளக்கை உள்ளே இறக்கிவிட்டு வெளியே நின்று பார்த்தால் சுவர் முழுக்கத் தேன் நிறத்தில் ஒளிரும். பிசின் விட்டுப்போன இடங்கள் மட்டும் மயிரிழை மாதிரி வெள்ளைக் கோடாகத் தெரியும். ஒவ்வொரு கோட்டின் இரண்டு முனையிலும் மார்க்கரால் புள்ளி வைத்துத் தேதி எழுதுவேன். அடுத்த மாதம் கோடு அந்தப் புள்ளியைத் தாண்டியிருக்கிறதா, பக்கத்தில் புதிதாக ஒன்று வந்திருக்கிறதா என்று பார்த்து நோட்டில் குறிப்பேன். போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் போட்டோ கிடையாது.

விளக்கை இறக்கித் தருபவர் அந்த டேங்க்கின் ஆபரேட்டர். எளாவூர்க்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். நாள் முழுக்க டேங்க் அடியில் இருக்கும் வால்வு பக்கத்தில்தான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். முதல் மாதமே கேட்டார்.

“இன்னாமா, கோலம் போட்டுகினு கீறே?”

“சும்மா கணக்குக்குத்தாண்ணா” என்றேன்.

ரிசல்ட்டை அங்கே இருக்கும் மேனேஜரைத் தவிர யாரிடமும் பேசக்கூடாது என்பது, என்னைச் சோதனைக்கு அனுப்பும் எங்கள் கம்பெனியின் உத்தரவு. ஆபரேட்டர்கள் பயந்துபோய் வேலைக்கு வராமல் நின்றுவிட்டால் கான்ட்ராக்ட் போய்விடும். எனக்கும் அது வசதியாக இருந்தது. ஒரு மனுஷனிடம் போய், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு மேலே இப்படி இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விரிசல் கூடிக்கொண்டே போனால்தான் ஆபத்து என்று எல்லோரும் நினைப்பார்கள். இந்த மாதிரி அடுக்குச் சுவரில் அது கூடாமல் நிற்கும்போதுதான் நான் பயப்படுவேன். அந்த அடுக்கு விரிகிற வரை விரிந்து முடித்துவிட்டது, இனி அடுக்கும் அடுக்கும் உள்ளுக்குள்ளேயே பிரியத் தொடங்கும் என்று அர்த்தம். அதற்கப்புறம் சொல்லிக்கொண்டு வராது. செப்டம்பரில், அடிப்பக்கத்துக் கோடுகள் ஒன்றுகூடப் புள்ளியைத் தாண்டவில்லை. புதிதாகவும் எதுவும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மேனேஜரிடம், டேங்க் பொங்கலைத் தாண்டாது சார் என்றேன்.

“கூடலையேம்மா, அப்போ நல்லதுதானே?”

புரியவைத்தேன். அடுத்த தடவை போட்டோவுக்கு அனுமதி வாங்கித் தருவதாகவும், படத்தோடு ரிப்போர்ட் கொடுத்தால் மேலே அனுப்பிப் புது டேங்க் கேட்பதாகவும் சொன்னார். நல்ல மனிதர்தான்.

அடுத்த தடவை நான் போனது ஆயுத பூஜை முடிந்த வாரம். ஆபரேட்டர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் ஆயுத பூஜைக்குத் தன் டேங்க்கை வேறு யாரும் தொட விடமாட்டார். லீவு நாளில் வந்து ஒற்றை ஆளாக, வெளிச்சுவர் முழுக்க இரண்டு கோட்டிங் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்.

“உன் கிறுக்கலையெல்லாம் தின்னர் போட்டுத் தொடச்சிட்டு அடிச்சேன். எப்டி கீது?”

விளக்கை இறக்கினோம். பெயிண்ட்டைத் தாண்டி வெளிச்சம் வரவில்லை, சுவர் இருட்டாகவே இருந்தது. நல்லா இருக்குண்ணா என்று சொன்னேன். அந்த நேரத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

மேனேஜர் கேமராவோடு வந்து, எங்கே விரிசல், காட்டுங்கள் என்றார். நோட்டைக் காட்டினேன். நோட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாமே என்றார். பெயிண்ட்டைச் சுரண்டிப் பார்க்கலாம் என்றால், அதற்கு வேலையை நிறுத்த வேண்டுமாம். மேனேஜர் ரூம் போனிலிருந்து என் முதலாளியைக் கூப்பிட்டேன். “கண்ணுக்குத் தெரியிறத எழுதும்மா” என்றார். எழுதினேன். கண்ணுக்குத் தெரிந்த விரிசல் ஏதும் இல்லை. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. கையெழுத்தும் போட்டேன்.

பொங்கல் வந்து போனது. மாட்டுப்பொங்கலும் போனது. “உங்க ஜோசியம் பலிக்கலையே” என்று மேனேஜர் சிரித்தார். வெட்கமாக இருந்தாலும் நானும் சேர்ந்து சிரித்தேன், அன்றைக்குத்தான் பல மாதம் கழித்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். அதற்கு ஒன்பதாம் நாள், லாரியிலிருந்து ஆசிட் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அடிச்சுவர் பிளந்தது. வால்வு பக்கத்தில் அவர் குனிந்திருந்தார். ஒரு கண் அங்கேயே போயிற்று. இன்னொன்றில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகிறது.

என் கணக்கு ஏறக்குறையச் சரியாக வந்ததை எங்கள் ஆபீசில் பாராட்டினார்கள். இப்போதும் மாதத்துக்கு ஒரு நாள் போகிறேன். புது டேங்க் வந்திருக்கிறது, வெளிப்பக்கம் பெயிண்ட் அடித்தே வந்திருக்கிறது. தட்டிப் பார்த்துவிட்டு, அதே வரியை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். கறுப்புக் கண்ணாடி போட்டு நாற்காலியில் இருந்தார். குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்து உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரம் எதையெதையோ பேசிவிட்டு, “டேங்க்ல அந்தப் புள்ளியெல்லாம் வச்சியே, அது இன்னாத்துக்கும்மா?” என்று கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளி, தேதி, பொங்கல் கணக்கு, நான் போட்ட கையெழுத்து. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. முகத்தை என் பக்கம் திருப்பி, ஏதோ தப்பு செய்துவிட்ட ஆள் மாதிரி மெதுவாகச் சொன்னார்.

“சொல்லியிருந்தீனா, பெயிண்ட்டாவது அடிக்காம உட்டிருப்பேனேமா.”