எழுதியவர் பற்றி இரண்டு வரி

பத்திரிகை அலுவலகத்தில் அவர் முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் துருவி. ஆள் கையில் சிக்கினால் துருவித் துருவிக் கேட்டு ஒரு வழி பண்ணிவிடுவார் என்பதால் வந்த பெயர். பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கோபம் வரவில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

பாதி ஆயுளை இன்சூரன்ஸ் கம்பெனியில் கழித்து ஓய்வு பெற்றவர். நஷ்ட ஈடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது நிஜமா என்று பார்ப்பது வேலை. கடை எரிந்துவிட்டது என்பார்கள். இவர் போய்ச் சாம்பலைக் கிளறி, உள்ளே சரக்கு இருந்ததா, முன்கூட்டியே நகர்ந்துவிட்டதா என்று பார்ப்பார். கை உடைந்துவிட்டது என்று கட்டோடு வருகிறவனிடம் பேச்சுவாக்கில் ஒரு பேனாவை நீட்டுவார். உடைந்த கை தானாக வந்து வாங்கிக்கொள்ளும். சம்பந்தப்பட்ட ஆளிடம் எதையும் கேட்கக் கூடாது, அக்கம்பக்கத்தில்தான் கேட்க வேண்டும் என்பது அவர் வைத்திருந்த சட்டம். கல்யாணத்துக்கு முன்பு பெண்ணின் வயதைக்கூட அவள் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போய் விசாரித்த மனுஷன். மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டாமல் விட்டதில்லை.

அப்படிப்பட்டவருக்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், மனைவியின் தம்பிதான். மைத்துனர் ஓர் இலக்கியப் பத்திரிகையை நடத்திக்கொண்டு, அதுவே உலகம் என்று இருந்தார். ஒரு சமயம் கடலடியைப் பற்றிய கவிதைகள் சிலவற்றைப் போட்டு, எழுதியவர் கடலில் முங்கிச் சங்கெடுக்கும் தொழிலாளி என்று கடைசிப் பக்கத்தில் குறிப்பும் போட்டார். ஆஹா ஓஹோ என்று பாராட்டு வந்தது. அப்புறம் ஒரு வாசகர், அவர் என் பக்கத்து வீட்டுக்காரர், குளியலறைக் குழாய் விற்கிறார், நீச்சல் தெரியாது என்று எழுதிப்போட்டார். பத்திரிகையின் மானம் கப்பலேறியது. மைத்துனர் அக்கா வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா யோசிக்கவே இல்லை. "இவரைக் கூட்டிட்டுப் போடா. உனக்கும் உதவும், எனக்கும் நிம்மதி" என்றாள்.

அன்றிலிருந்து கடைசிப் பக்கம் துருவியின் ராஜ்ஜியம். எழுதியவர்கள் ஆளுக்கு இரண்டு வரி தங்களைப் பற்றி எழுதி அனுப்புவார்கள். அந்த இரண்டு வரி உண்மையா என்று இவர் கிளம்பிவிடுவார். பக்கம் அச்சுக்குப் போகுமுன் மைத்துனர் ஒவ்வொரு பெயராகத் தொட்டு, "சரிபார்த்தாச்சா அத்தான்?" என்று கேட்க வேண்டும், இவர் தலையாட்ட வேண்டும். அது இல்லாமல் பக்கம் நகராது.

எவ்வளவு புளுகு. ஊர் ஊராகச் சுற்றித் திரிகிறவர் என்று போட்டுக்கொண்ட கவிஞர், அம்மா பரிமாறாவிட்டால் ஒரு வேளைகூடச் சாப்பிடத் தெரியாதவர். சிறையில் காலம் கழித்ததாகச் சொன்ன கதாசிரியர், சிறைக்குக் காகிதம் சப்ளை செய்த ஒப்பந்தக்காரர். துருவி ஒன்றைக் கவனித்தார். ஒருவர்கூடத் தன்னைப் பணக்காரனாகக் காட்டிக்கொள்ளவில்லை. இன்சூரன்ஸில் இல்லாத நஷ்டத்தைக் காட்டினார்கள், இங்கே இல்லாத கஷ்டத்தைக் காட்டினார்கள். இரண்டும் ஒரே திருட்டு என்று அவருக்குப் பட்டது. போகப்போக, கதை எவ்வளவுக்கு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்குச் சந்தேகம் என்று ஆகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் அந்தக் கதை வந்தது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு பெரியவர், அவரைக் கவனித்துக்கொள்ளும் ஒரு பெண். கட்டிலின் கம்பியில் ஒரு சின்ன மணி கட்டியிருக்கும். அவர் அதை அடிக்க ஆரம்பித்தால், பக்கத்து அறையில் மருமகள் டிவி சத்தத்தைக் கூட்டுவாள். சும்மா சும்மா மணி என்ன என்று கேட்கிறாரே என்று கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருப்பார்கள். படித்துவிட்டு மைத்துனர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துருவிக்கும் நெஞ்சை ஏதோ செய்தது. செய்ததாலேயே உஷாரானார்.

எழுதியவர் புனைபெயர் வைத்திருந்தார். குறிப்பில், வீட்டோடு தங்கி நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை, எட்டாவது வரை படிப்பு என்று இருந்தது. எட்டாவது படித்தவளா இப்படி எழுதுவாள், யாரோ ஒரு பேராசிரியர் முக்காடு போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். இருந்தாலும் கொடுத்திருந்த நம்பரில் கூப்பிட்டார். ஒரு பெண் குரல் கிசுகிசுவென்று பேசியது. முகவரி கேட்டதற்கு, கதை வந்த பத்திரிகையை நேரில் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, பட்டென்று வைத்துவிட்டது. துருவி போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். ஒளிக்க எதுவும் இல்லாதவர்கள் எதற்குக் கிசுகிசுக்க வேண்டும்?

கதை வந்த உறை அவரிடம் இருந்தது. மருந்துக் கடையில் மாத்திரை போட்டுக் கொடுக்கும் பழுப்பு உறை, கடையின் பெயரும் தெருவும் அதிலேயே அச்சாகியிருந்தன. அவருக்கு அது போதும். கடைக்குப் போய், இந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலாவது படுக்கையில் பெரியவர் இருக்கிறாரா என்று விசாரித்தார். கடைக்காரர் கல்லாவில் இருந்தபடியே எதிர் வரிசையில் ஒரு பச்சைக் கேட்டைக் காட்டினார்.

மருமகள்தான் கதவைத் திறந்தாள். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தாள். பின்னால் ஓர் அறை பாதி திறந்திருந்தது. கட்டில் கம்பியில் மணி. முதுகைக் காட்டிக்கொண்டிருந்த கடிகாரம். ஒரு பெண் பெரியவரின் தோளுக்கடியில் கை கொடுத்து அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள், இவரைப் பார்க்கவில்லை. துருவிக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு குறிப்பு சொன்னபடியே இருக்கிறது.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். பழைய தொழில் விடவில்லை. எழுதியது இவள்தானா என்று உறுதி செய்ய வேண்டாமா? உங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மா கதை எழுதுவாரா என்று கேட்டார். மருமகள் தெரியாது என்றாள். இவர் கதையை முழுவதுமாக எடுத்துச் சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார். மணியைச் சொன்னார், கடிகாரத்தைச் சொன்னார், டிவி சத்தத்தைக் கூட்டும் மருமகளையும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவள் அமைதியாக, அவள் ராத்திரியெல்லாம் ஏதோ எழுதிக்கொண்டிருப்பாள், இதுதான் போலிருக்கிறது என்றாள். சிரிக்கவும் செய்தாள். ஆயிரம் பொய்யர்களின் முகத்தைப் படித்தவருக்கு அந்தச் சிரிப்பைப் படிக்கத் தெரியவில்லை. சந்தோஷமாக வீட்டுக்குப் போய், இந்த உலகத்தில் உண்மை பேசுகிற ஆளும் உண்டு என்று மனைவியிடம் சொன்னார். மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டுத்தானே போனீங்க?" என்று மட்டும் கேட்டாள். இவர் கை கழுவப் போனார்.

அந்த வாரமே அவள் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். நடுத்தர வயது, தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. கதை அனுப்பியது தான்தான் என்றாள். துருவியின் கண் முதலில் கையில் இருந்த பைக்குத்தான் போனது. நாடகமாக இருந்தால் பை கனக்காது. அவள் அதைக் கீழே வைத்தபோது உள்ளங்கையில் கைப்பிடி அழுத்திய சிவப்புக் கோடு தெரிந்தது. இந்த நிலைமையிலும் அதைத்தான் பார்க்கிறோமே என்று அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"வேலையை விட்டு அனுப்பிட்டாங்க சார்."

உண்மையா என்று பார்க்கத்தான் அந்த வீட்டுக்கு வந்தேன், எல்லாமே உண்மையாக இருந்தது என்று அவர் தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே."

"போன்ல கேட்டேனேம்மா. நீங்கதான் கிசுகிசுன்னு பேசி வெச்சுட்டீங்க."

"அவர் அப்பத்தான் கண்ணை மூடியிருந்தார். சத்தமா பேசினா முழிச்சுக்குவார்."

அவள் திட்டியிருந்தால்கூடத் துருவி தாங்கியிருப்பார். அவள் மேஜைமேல் கிடந்த கடைசிப் பக்கத்தில் தன் புனைபெயரைத் தேடி எடுத்து, அதன் கீழே விரலை வைத்தாள்.

"நோயாளியைப் பார்த்துக்கிறேன்னு இதுல இருக்கு. அனுப்பும்போது உண்மைதான். இப்ப பொய்யாயிடுச்சு. எடுத்துடுங்க."

என்ன போடட்டும் என்று கேட்டார்.

"எனக்குத் தெரியல. நீங்கதான் நல்லா விசாரிப்பீங்களே, நீங்களே போட்டுக்கங்க."

வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். பெரியவருக்கு வலது பக்கமாகப் படுத்தால் மூச்சு முட்டும், வெளியே அனுப்பின அவசரத்தில் புது ஆளிடம் சொல்ல விடவில்லை, முடிந்தால் அதை மட்டும் சொல்லிவிட வேண்டும் என்றாள். எங்கே போகப்போகிறீர்கள் என்று வழக்கம்போல் இவர் வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் பைகளை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்கிற தகுதி போய்விட்டது என்று தெரிந்தது.

சாயங்காலம் பச்சைக் கேட்டுக்குப் போனார். மருமகள் கதவைத் திறக்கவில்லை. ஜன்னலோரம் நின்று, வலது பக்கம் படுக்க வைக்காதீர்கள் என்று இரண்டு தடவை கத்தினார். உள்ளே டிவி சத்தம் கூடியது.

மறுநாள் மைத்துனர் கடைசிப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகத் தொட்டார், இவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் மைத்துனரின் விரல் நின்றது. அங்கே பழைய குறிப்பு அடிக்கப்பட்டு, துருவியின் கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது: இந்தக் கதையை எழுதியவர் ஒரு பெரியவரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்தைச் சரிபார்ப்பவர் அவருக்குத் தெரியாமல் அந்த வீட்டுக்குப் போய் விசாரித்ததால் வேலை போய்விட்டது.

மைத்துனர் இரண்டு முறை படித்தார். நிமிர்ந்து அத்தானின் முகத்தைப் பார்த்தார். என்ன கேட்பது என்று தெரியாமல், பழக்கத்தில் வருவதையே கேட்டார்.

"சரிபார்த்தாச்சா அத்தான்?"

"ம். நேர்லயே போய்ப் பார்த்தேன்."