பெயின்ட் சுரண்டிய இடம்

எல்லோரும் விற்கச் சொல்லும் என் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் போன வருடம் புது ஸ்டீரியோ பூட்டுவித்தேன். பென் டிரைவில் பாட்டு அருமையாகக் கேட்டது. ரேடியோவைப் போட்டால் மட்டும் ஒரே இரைச்சல்.

"ஐம்பது வயசில உமக்கேன் இந்தக் கூத்து? போனில கேளுமன்" என்றார் கணவர்.

"எனக்கு ரேடியோதான் வேணும்" என்றேன்.

நேரே ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் கடைக்குப் போய், ஸ்டீரியோவைப் பூட்டிய எலெக்ட்ரீஷியனை ஆட்கள் முன்னால் வேலை தெரியாதவர் என்று ஏசிவிட்டு வந்தேன்.

மறுநாள் துறைமுகத்தடியில் என் காருக்குப் பக்கத்தில் நின்ற ஆட்டோவில் செய்தி துல்லியமாகக் கேட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்கட ஆட்டோவில மட்டும் எப்பிடித் தம்பி?"

கிண்ணியாக்காரரான அந்த ஓட்டுநர் இறங்கி வந்து, என் ஆண்டெனாவின் அடியைக் கழற்றிப் பார்த்தார்.

"அக்கா, இதுக்குக் கீழ ஏன் இவ்வளவு பெயின்ட்?"

"உப்புக்காத்துக்குத் துருப்பிடிக்கும் எண்டு நான்தான் ரெண்டு தரம் அடிச்சனான்."

"ஆண்டெனாட அடி வெறும் தகரத்தில முட்டினாத்தான் எர்த் வரும். இல்லாட்டி ஸ்டேஷன் பிடிக்க ஏலாது."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. எலெக்ட்ரீஷியனும் பூட்டும்போது அதையேதான் சொன்னார். "என்ர பெயின்டில கை வைக்க வேண்டாம்" என்று தடுத்தவள் நான்.

ஓட்டுநரின் ஸ்குரூடிரைவரை வாங்கி நானே சுரண்டினேன். அவர் ஆண்டெனாவைத் திரும்பப் பூட்டியதும் ரேடியோ கணீரென்று பேசியது. அப்படியே ஓர்ஸ் ஹில்லுக்கு ஓட்டிப் போய், ஆட்கள் முன்னாலேயே எலெக்ட்ரீஷியனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அந்த இடத்தில் இப்போது துரு ஏறுகிறது. ஏறட்டும், மாதம் ஒருமுறை சுரண்டுகிறேன். காரை விற்கச் சொல்பவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவிடுகிறேன்.